உண்ணிப் பட்டை: "உங்க நாய்க்கு மட்டும்தாண்ணே இப்படி!"

எழுதி ரொம்ப நாளாச்சு. கடைசியா திராட்சை விலையைப் பத்திப் புலம்பிட்டுப் போனவன், இப்பத்தான் திரும்ப எட்டிப் பார்க்கிறேன். இன்னிக்கும் புலம்பல்தான். கொஞ்சம் நீளமான பதிவுன்னு முன்னாடியே சொல்லிடுறேன். நாய் பிடிக்காதவங்களும் படிக்கலாம், ஏன்னா விஷயம் நாயோட முடியலை.

எங்க வீட்டு நாய் பேரு செவலை. கோம்பை ரகம். கோம்பையில இருக்கிற மாமா வீட்டுல இருந்து ஒன்றரை மாசக் குட்டியா மடியில வச்சுக் கொண்டாந்தது. வெளியூர்க்காரங்களுக்கு ஒரு தகவல்: உத்தமபாளையம் பக்கத்துல, மலை அடிவாரத்துல இருக்கிற கோம்பைங்கிற ஊரோட பேருதான் அந்த நாய் ரகத்துக்கே பேரு. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் தன்னோட வானொலிப் பேச்சுல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோட கோம்பையையும் சேர்த்துச் சொன்னாரு. அன்னிக்கு எங்க மாமா பண்ணின அலப்பறை இருக்கே... சரி, அதை விடுங்க.

போன ஐப்பசி மழைக்கு அப்புறம் செவலைக்கு உண்ணி பிடிச்சிருச்சு. காது மடல், கால் விரல் இடுக்குன்னு ஒரு இடம் பாக்கி இல்லை. கையால பிடுங்கிப் பிடுங்கி எங்க அம்மா சலிச்சுப் போச்சு. தேனியில ஒரு கடையில "இந்தப் பட்டையைக் கழுத்துல மாட்டுங்கண்ணே, எட்டு மாசத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்"னு சொன்னாங்க. நானூத்தம்பது ரூபா. அட்டைப்பெட்டி மேல வெளிநாட்டு நாய் ஒண்ணு பல்லைக் காட்டிச் சிரிக்குது. நூறு சதவீதம் பாதுகாப்பானதுன்னு வேற போட்டிருக்கு. வாங்கி மாட்டிட்டேன்.

மூணாம் நாள் கழுத்தைச் சுத்தி முடி கொட்டித் தோல் செவந்துச்சு. பழகப் பழகச் சரியாயிரும்னு விட்டேன். முட்டாத்தனம்! அஞ்சாம் நாள் காலையில பின்னங்கால் பின்னுது, வாயில எச்சி ஒழுகுது, கூப்பிட்டா திரும்பலை. பட்டையை வெட்டி எறிஞ்சுட்டு, கழுத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, நாயை வண்டியில அள்ளிப் போட்டுக்கிட்டு டாக்டரம்மாகிட்ட ஓடினேன்.

அவங்க கேட்ட முதல் கேள்வி: "பட்டை வந்த டப்பா இருக்கா? அதுல என்ன மருந்துன்னு பார்க்கணும்."

வீட்டுக்குப் போன் போட்டுக் குப்பையைக் கிளறி எடுத்துப் படம் அனுப்பச் சொன்னேன். பின்பக்கம் பத்து வரி இருக்கு. எப்படி மாட்டணும், எப்படி அளவு வெட்டணும், குழந்தைங்க கைக்கு எட்டாம வைக்கணும்... எல்லாம் இருக்கு. உள்ள என்ன மருந்துன்னு மட்டும் இல்லை. தயாரிச்சவன் விலாசம் இல்லை, தொகுதி எண் இல்லை. டாக்டரம்மா நெத்தியில கை வச்சுக்கிட்டாங்க. பட்டைகள்ல பல ஜாதி மருந்து வருது. விஷமாயிருச்சுன்னா எந்த மருந்துங்கிறதை வச்சுத்தானே வைத்தியம்? அது தெரியாம கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் பண்ணினாங்க பாவம்.

ரத்தப் பரிசோதனையில தட்டணுக்கள் குறைவு, உண்ணிக் காய்ச்சல் அறிகுறி. டாக்டரம்மா நேர்மையாச் சொன்னாங்க: "கழுத்துப் புண்ணு பட்டையால வந்ததுதான். தள்ளாட்டம் பட்டையாலயா, உண்ணிக் காய்ச்சலாலயா, ரெண்டும் சேர்ந்தான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது."

நானும் அடிச்சுச் சொல்லலை. 'பட்டை என் நாயைக் கொல்லப் பார்த்துச்சு'ன்னு தலைப்பு வச்சா நாலு பேரு கூடுதலா வந்து படிப்பீங்க, ஆனா அது உண்மையான்னு எனக்குத் தெரியாது. எரிச்சல் அந்தத் 'தெரியாது'லதான். அது மேலதான் இந்தப் பதிவு.

செவலை தேறின பிறகு கடைக்குப் போனேன், சண்டை போடத்தான். கடைக்காரத் தம்பி பதறாமச் சொன்னாரு: "இருநூறு பட்டை வித்திருப்பேண்ணே. ஒருத்தரும் வந்து ஒண்ணும் சொன்னதில்லை. உங்க நாய்க்கு மட்டும்தாண்ணே இப்படி."

அவரு பொய் சொல்லலை. அதுதான் கொடுமை. அடுத்த வாரமே டீக்கடையில இந்தக் கதையைச் சொல்லிட்டு இருந்தப்ப, பக்கத்துல இருந்த பெரியவரு "எங்க நாய்க்கும் கழுத்து வெந்து போச்சுப்பா, கழட்டிக் கம்மாயில எறிஞ்சுட்டேன்"னாரு. கடையில சொன்னீங்களான்னு கேட்டேன். "சொல்லி என்னாகப் போகுது?"ன்னாரு. எங்க தெருவுலயே இன்னொரு வீட்டுல பட்டை போட்ட நாய் ரெண்டு நாள் சாப்பிடாம கிடந்திருக்கு. அவங்களும் யார்கிட்டயும் சொல்லலை. ஆக, கடைக்காரத் தம்பி கணக்குல பூஜ்யம். என் கணக்குல ஒரே வாரத்துல மூணு. நானே ஒண்ணும் சொல்லாம இருந்திருந்தா அந்த ரெண்டு பேரும் 'நமக்கு மட்டும்தான்'னு நினைச்சுக்கிட்டே போயிருப்பாங்க.

புகார் வராததையும் பாதிப்பு இல்லாததையும் நாம ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். கேட்க ஆள் இல்லாத ஊர்ல புகார் எப்படிய்யா வரும்?

இப்ப அமெரிக்காவுக்கு ஒரு எட்டு போயிட்டு வருவோம். அங்க செரெஸ்டோன்னு ஒரு பட்டை. (நான் வாங்கினது அது இல்லை. அந்தப் பெட்டியில பேரு இருந்தாலாவது பரவாயில்லையே!) பேயர் கம்பெனி கொண்டு வந்தது, 2020ல பேயரோட கால்நடைப் பிரிவை எலான்கோ வாங்கினதோட அவங்க கைக்குப் போச்சு. உள்ள ரெண்டு மருந்து: தெள்ளுப்பூச்சிக்கு இமிடாகுளோப்ரிட், உண்ணிக்கு ஃப்ளூமெத்ரின். பட்டையில இருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு, நாயோட தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பசை வழியா உடம்பு பூராப் பரவும். எட்டு மாசம் நிக்கும்னு கணக்கு.

2021 மார்ச்ல அங்க ஒரு புலனாய்வுச் செய்தி வந்து நாடே அல்லோலகல்லோலப்பட்டுச்சு. 2012ல இருந்து அந்தப் பட்டை சம்பந்தமா 75,000க்கு மேல புகார், அதுல நாய் பூனை செத்துப் போனதாச் சொல்ற புகார் 1,698. கம்பெனி என்ன சொன்னுச்சு? இரண்டரைக் கோடிப் பட்டைக்கு மேல வித்திருக்கோம், புகார் 0.3 சதவீதம்கூட இல்லை, ஒரு புகார் வந்ததாலேயே பட்டைதான் காரணம்னு ஆயிராதுன்னு சொன்னுச்சு. நியாயமான பதில்தான். ஆனா பாருங்க, ரெண்டு பக்கமும் சண்டை போடுறதுக்குக் கையில நம்பர் இருந்துச்சு! எத்தனை வித்துச்சு, எத்தனை புகார். வகுத்துப் பார்க்கலாம். நம்ம ஊர்ல மேலயும் பூஜ்யம், கீழயும் பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுத்தா என்ன வரும்னு கணக்கு வாத்தியார்கள் பின்னூட்டத்துல சொல்லவும் :-)

விஷயம் அவங்க நாடாளுமன்றக் கீழ்ச்சபை வரைக்கும் போச்சு. விசாரிச்ச துணைக்குழுவோட தலைவர் யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம தமிழ்க் குடும்பத்துல பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி. 2022 ஜூன்ல வந்த அந்தக் குழுவோட அறிக்கையில புகார் எண்ணிக்கை 98,000ஐத் தாண்டியாச்சு, சாவுப் புகார் 2,500. பட்டையைத் திரும்பப் பெறணும்னு குழு சொன்னுச்சு. இன்னொண்ணும் அந்த அறிக்கையால வெளிய வந்துச்சு. அமெரிக்காவுல சேர்ந்த புகார்க் கணக்கையே எடுத்துப் பார்த்துட்டு, பக்கத்து நாடான கனடா 2016லயே இந்தப் பட்டைக்கு அனுமதி மறுத்திருக்கு. ஒரு நாடு எழுதி வச்ச கணக்கு இன்னொரு நாட்டு நாயைக் காப்பாத்தும்ங்கிறதுக்கு இதைவிட என்ன உதாரணம் வேணும்?

ஆனா தடை வரலை. 2023 ஜூலையில அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை முடிவு சொன்னுச்சு. சாவுப் புகார்கள்ல பெரும்பாலானதுக்குப் பட்டைதான் காரணம்னு சொல்ல முடியலை, நிறையப் புகார்ல போதுமான விவரமே இல்லைன்னாங்க. உறுதியாப் பட்டையால செத்ததுன்னு சொல்ல முடிஞ்சது எல்லாம், பட்டை எங்கயாவது மாட்டி, தானா விடுபட வேண்டிய பூட்டு விடுபடாமக் கழுத்து இறுகின கேஸ்தான். அதனால அனுமதி உண்டு, ஆனா அஞ்சு வருஷத்துக்கு மட்டும்னு சொல்லி நிபந்தனை போட்டாங்க. நாய்க்குத் தனிப் பதிவு, பூனைக்குத் தனிப் பதிவு. என்ன பாதிப்பு வரலாம், வந்தா கழட்டணும், எங்க புகார் சொல்லணும்ங்கிறது பெட்டியிலயே இருக்கணும். வர்ற ஒவ்வொரு புகாரையும் கம்பெனி கூடுதல் விவரத்தோட வாங்கணும். 2024 பிப்ரவரியில அந்த முகமையோட சொந்தத் தணிக்கைப் பிரிவே, நீங்க செஞ்ச பரிசோதனை பத்தாது, பாதுகாப்பானதுன்னு உறுதி சொல்ற அளவுக்கு இல்லைன்னு முகமையையே குட்டுச்சு.

"பார்த்தியா, லட்சம் புகார் வந்தும் அவங்களாலயே முடிவெடுக்க முடியலை, அப்புறம் எதுக்கு எண்ணணும்?"னு ஒருத்தர் வருவாரு. அண்ணே, அதையே திருப்பிப் பாருங்க. லட்சம் புகார் இருந்தும் விவரம் பத்தலைன்னு திணறுறாங்க. அப்ப ஒரு புகார்கூட இல்லாத நாம எதை வச்சு 'நூறு சதவீதம் பாதுகாப்பானது'ன்னு அச்சடிக்கிறோம்? அந்த மூணு வார்த்தைப் பெட்டியை நம்பித்தானே நானும் மாட்டினேன்?

நம்ம ஊர்ல சட்டமே இல்லையான்னா, இருக்கு. தாராளமா இருக்கு. 1940ஆம் வருஷத்து மருந்துச் சட்டம் 'மருந்து'ன்னா என்னன்னு சொல்ற இடத்துலயே மனுஷனையும் மிருகத்தையும் சேர்த்துத்தான் சொல்லுது. 1968ல வந்த பூச்சிக்கொல்லிச் சட்டம் இன்னொண்ணு. அது எப்படி வந்துச்சு தெரியுமா? 1958ல கேரளாவுலயும் நம்ம சென்னை மாகாணத்துலயும் கோதுமை மாவுல பாலிடால் கலந்து நூறு பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் கமிஷன், கமிட்டி எல்லாம் போட்டு, பத்து வருஷம் கழிச்சு வந்த சட்டம் அது. அதுல 26வது பிரிவு, பூச்சிக்கொல்லியால விஷமான சம்பவங்களை யார் யாரெல்லாம் அரசுக்குத் தெரிவிக்கணும்னு மாநில அரசு அறிவிக்கலாம்னு சொல்லுது. அந்த 'லாம்'ல இருக்கு நம்ம தலையெழுத்து.

மனுஷ மருந்துக்கு நிலைமை கொஞ்சம் தேவலை. 2010ல இருந்து இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம்னு ஒண்ணு நடக்குது, காஸியாபாத்ல தலைமையிடம். மாத்திரை போட்டு உடம்பு தடிச்சாக்கூட நீங்களே தெரிவிக்கலாம். தமிழ்லயே படிவம் இருக்கு, 1800-180-3024னு இலவசத் தொலைபேசி எண் இருக்கு. (இதை எங்கயாவது குறிச்சு வைங்க, உதவும்.) இதே மாதிரி, நாய் வளர்க்கிறவனோ மாடு வளர்க்கிறவனோ தானே நிரப்பித் தர்ற மாதிரி, ஊருக்கெல்லாம் தெரிஞ்ச ஒரு படிவத்தை நான் பார்க்கலை. கால்நடை ஆஸ்பத்திரிச் சுவத்துல கோமாரி தடுப்பூசி படம் இருக்கு, வெறிநாய்க்கடி படம் இருக்கு. 'மருந்தால பாதிப்பா? இங்கே சொல்லுங்க'ன்னு ஒரு தாள் இல்லை.

2019ல நடந்த 20வது கால்நடைக் கணக்கெடுப்புல இந்தியாவுல தெருநாய் மட்டும் 1.53 கோடின்னு எண்ணிட்டாங்க. நாயை எண்ணத் தெரியுது. நாய்க்கு என்ன ஆச்சுன்னு எண்ணத்தான் தெரியலை.

எண்ணாம விட்டா என்ன ஆகும்னு நமக்கு ஏற்கனவே ஒரு பெரிய பாடம் நடந்திருக்கு. மாட்டுக்கு வலி மருந்தாப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுகளோட கிட்னியைக் காலி பண்ணிருச்சு. 2004ல பாகிஸ்தான் கழுகுகளை வச்சு நடந்த ஆராய்ச்சியில காரணம் பிடிபட்டு, 2006ல இந்தியா கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கைத் தடை பண்றதுக்குள்ள கதை முடிஞ்சிருச்சு. வெண்முதுகுக் கழுகு 1992க்கும் 2007க்கும் நடுவுல 99.9 சதவீதம் காணாமப் போச்சு. 'யாரும் புகார் சொல்லலை'தான். கழுகு எங்க போய்ப் புகார் சொல்லும்?

இப்ப நாய் பிடிக்காதவங்களுக்கான பகுதி. 'மனுஷனுக்கே வழியைக் காணோம், இவன் நாய்க்கு வந்துட்டான்'னு முணுமுணுக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. அந்தப் பட்டையில வர்ற இமிடாகுளோப்ரிட் ஏதோ நாய்க்குன்னே கண்டுபிடிச்ச மருந்து இல்லை. சாறு உறிஞ்சுற பூச்சிக்கு அடிக்கிறதுக்குன்னு நம்ம பக்கத்து உரக்கடையில பாட்டில்ல நிக்கிற அதே சரக்குதான். தேனீக்கு ஆகாதுன்னு ஐரோப்பிய யூனியன் 2018ல திறந்தவெளி வயல்ல அடிக்கத் தடை போட்ட மருந்து. கம்பம் பள்ளத்தாக்குல திராட்சைக்கும் காய்கறிக்கும் முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டு மருந்தடிக்கிறவருக்குத் தலை சுத்துனா எந்த நோட்டுல எழுதுறோம்? காலையில கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போற பொம்பளைங்க, மருந்தடிச்ச நாள்ல வாந்தியும் தலைவலியுமா இறங்கி வந்தா யாரு கேக்குறா? ஒரு கஷாயத்தைக் குடிச்சுட்டுப் படுத்துட்டு மறுநாள் திரும்ப ஜீப் ஏறுறாங்க. அங்கயும் அதே பதில்தான்: 'உனக்கு மட்டும்தாத்தா இப்படி.'

நாய்க்கு ஒரு நோட்டு, மனுஷனுக்கு ஒரு நோட்டுன்னு சண்டையே இல்லை இது. எண்ணுற பழக்கம் ஒண்ணுதான். ஒரு இடத்துல ஆரம்பிச்சா இன்னொரு இடத்துக்கும் வரும். அதுவும் போக, அந்தப் பட்டை போட்ட நாயைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறது எங்க அக்கா மகன், ரெண்டாப்புப் படிக்கிற பய. அவன் நாயா மனுஷனா?

"அப்ப பட்டையே வேணாங்கிறியா?" இல்லவே இல்லை. உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொல்லும், என் கண்ணால பார்த்துட்டேன். நல்ல பட்டை, சரியான நாய்க்குச் சரியான அளவுல போட்டா எத்தனையோ உயிரைக் காப்பாத்தும். பட்டையை ஒழிச்சா ஜனங்க எங்க போவாங்க தெரியுமா? மாட்டுக்குன்னு வாங்கி வச்ச மருந்தைக் குத்துமதிப்பாத் தண்ணியில கலக்கி நாய் மேல ஊத்துவாங்க. வயலுக்கு வாங்கினதையே ஊத்தினவங்களையும் எனக்குத் தெரியும். நாய்க்குப் போடுற பெர்மெத்ரின் பூனைக்கு எமன்னு தெரியாம, மிச்சத்தைப் பூனைக்கும் தடவுவாங்க. அதனால பட்டையை எதிர்த்து நான் எழுதலை. பேரில்லாத பட்டையையும், காது இல்லாத அரசாங்கத்தையும் எதிர்த்துத்தான் எழுதுறேன்.

நான் கேக்குறது நிலாவை இல்லை. மூணே மூணு.

ஒண்ணு, உள்ள என்ன மருந்து, எத்தனை சதவீதம், யாரு செஞ்சது, எந்தத் தொகுதி, இதெல்லாம் தமிழ்லயும் படிக்கிற அளவு எழுத்துல போடாத பட்டை கடையில தொங்கக் கூடாது. ஆன்லைன்லயும்தான்.

ரெண்டு, மருந்தாலயோ பட்டையாலயோ கால்நடைக்குப் பாதிப்புன்னா சொல்றதுக்கு ஒரு பக்கப் படிவம், ஒரு போன் நம்பர். மனுஷனுக்குப் போட்ட திட்டத்தைப் பார்த்துக் காப்பி அடிச்சாலே போதும். வருஷா வருஷம் எத்தனை புகார்னு வெளிப்படையா அறிவிக்கணும்.

மூணு, இதை டெல்லிதான் தொடங்கணும்னு இல்லை. நம்ம வீரபாண்டியிலயே 2020ல இருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. மாவட்டத்துல இருக்கிற கால்நடை டாக்டர்கள் எல்லாம் மாசம் ஒருமுறை 'பட்டை போட்ட நாய், இன்ன மருந்து, இன்ன வயசு, இத்தனாம் நாள் இன்ன அறிகுறி'ன்னு ஒரு வரி அனுப்பினா, படிக்கிற பிள்ளைங்களே ஒரு நோட்டுப் போட்டு எழுதிருவாங்க. ரெண்டு வருஷத்துல கம்பம் பள்ளத்தாக்குக்குன்னு ஒரு கணக்கு கையில இருக்கும். நாட்டுலயே முதல் கணக்கா அது இருந்தா கோம்பை நாய்க்கு அதைவிடப் பெருமை ஏது?

அது வர்ற வரைக்கும் நாம செய்ய முடிஞ்சது: பெட்டியைத் தூக்கி எறியாதீங்க, ரெண்டு பக்கமும் படம் எடுத்து வைங்க. மாட்டின தேதியைக் காலண்டர்ல குறிங்க. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும். குட்டி, சினை நாய், நோய்வாய்ப்பட்டதுன்னா டாக்டரைக் கேக்காம மாட்டாதீங்க. செவப்போ, எச்சிலோ, தள்ளாட்டமோ தெரிஞ்சா உடனே கழட்டிச் சோப்புப் போட்டுக் கழுவி, பட்டையையும் பெட்டியையும் எடுத்துக்கிட்டே டாக்டர்கிட்டப் போங்க. முக்கியமா, கடைக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுங்க. அடுத்த தடவை 'ஒருத்தரும் சொன்னதில்லை'ன்னு அவரு சொல்ல முடியாமப் பண்ணுங்க.

நான் ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கிட்டேன். முதல் வரி செவலை. ரெண்டாவது டீக்கடைப் பெரியவரோட நாய். மூணாவது எங்க தெரு நாய். தேதி, அறிகுறி, பெட்டி இருக்கா இல்லையா, அவ்வளவுதான். கடைக்காரத் தம்பிகிட்டயும் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அந்தப் பட்டையைத் திருப்பி அனுப்பிருறேண்ணே"ன்னாரு. அனுப்ப விலாசம்தான் பெட்டியில இல்லை!

செவலைக்குக் கழுத்துல ஒரு விரக்கடை அகலத்துக்கு இன்னும் முடி முளைக்கலை. மத்தபடி நல்லா இருக்கான். இதை எழுதுறப்ப காலடியில படுத்துக் குறட்டை விடுறான்.

டிஸ்கி 1: மருந்துக் கம்பெனி நண்பர்கள் ஆட்டோ அனுப்ப வேணாம். நோட்டுல உங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வச்சிருக்கேன், எத்தனை பட்டை வித்தீங்கன்னு சொன்னா எழுதிக்கிறேன்.

டிஸ்கி 2: உங்க வீட்டு நாய், பூனைக்கு இப்படி ஆகியிருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. ஒண்ணும் ஆகலைன்னாலும் சொல்லுங்க, அதையும் எண்ணினாத்தான் அது கணக்கு.